புல், வரிக்குதிரை, சிங்கம்: அருங்காட்சியகப் பலகை சொல்லாமல் விடும் பாதி

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, அதில் புல்வெளிக்கென்று ஒரு மூலை அநேகமாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பதப்படுத்தி நிறுத்திய ஒரு சிங்கம், இரண்டு வரிக்குதிரைகள், காய்ந்த புல் கற்றைகள், பின்சுவரில் தீட்டிய நீல வானம், தூரத்தில் குடை விரித்தாற்போல ஒரு வேலமரம். பக்கத்தில் ஒரு பலகை. அடியில் புல், புல்லிலிருந்து வரிக்குதிரைக்கு ஓர் அம்புக்குறி, வெட்டுக்கிளிக்கு ஓர் அம்புக்குறி, வெட்டுக்கிளியிலிருந்து பறவைக்கு, வரிக்குதிரையிலிருந்து சிங்கத்துக்கு என்று மேலே ஏறி, எல்லாம் சிங்கத்திடம் போய் முடியும். மேல் மூலையில் சூரியன். பிள்ளைகள் விரலால் அம்பைத் தொட்டுக்கொண்டே போய்ச் சிங்கத்தில் நிறுத்துவார்கள், அப்புறம் டைனோசரைப் பார்க்க ஓடிவிடுவார்கள்.

அந்தப் பலகையில் தப்பு ஒன்றும் இல்லை. யார் யாரைத் தின்கிறார்கள் என்பதைச் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் எல்லா அம்புக்குறியும் ஒரே தடிமனில் இருக்கின்றன. ரயில்வே வரைபடத்தைப் பார்த்தால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குத் தண்டவாளம் இருக்கிறது என்று தெரியும், எந்த வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரியாது இல்லையா, அது மாதிரிதான் இதுவும். எவ்வளவு தின்கிறது, எந்தப் பருவத்தில் தின்கிறது, ஓர் அம்புக்குறியை அழித்தால் எது எது சரியும் என்பதெல்லாம் அதில் கிடையாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட புல்வெளிகளில் ஒன்று தான்சானியாவின் செரங்கெட்டி. அந்த மண்ணைக் கடந்த நூற்றுச் சொச்சம் வருடங்களாக ஆட்டிவைத்த காரணங்களை வரிசைப்படுத்தினால், முதல் இடத்தில் வருவது இந்தப் பலகையில் படமாகக்கூட இருக்காது. செரங்கெட்டியையே எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

இந்த மாதிரிக் காட்சிப் பெட்டிகளுக்குப் பேர்போன இடம் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே ஆப்பிரிக்கப் பாலூட்டிகளுக்கென்று கார்ல் ஏக்லி பெயரில் ஒரு கூடம் இருக்கிறது, 1936-இல் திறந்தார்கள். நடுவில் எட்டு யானைகள், சுற்றிலும் 28 காட்சிப் பெட்டிகள். ஏக்லிக்கு முன்னால் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைப்பதுதான் பொது வழக்கம், விலங்கு பொம்மை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். அவர் விலங்கின் உடலை அளந்து, தசை மடிப்பு வரைக்கும் களிமண்ணில் செய்து, அதிலிருந்து அச்செடுத்து, அந்த வார்ப்பின் மேல் தோலைப் போர்த்தினார். பின்சுவரை வளைத்துக் கட்டி மூலையே தெரியாமல் ஓவியம் தீட்டினார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஆப்பிரிக்காவில் உண்மையாகவே இருக்கும் ஓர் இடத்தைக் காட்டுவது. ஏக்லி அந்தக் கூடத்தைப் பார்க்கவில்லை, 1926-லேயே காங்கோ மலையில் இறந்துபோனார். உணவுச் சங்கிலி என்ற கருத்தை இங்கிலாந்தின் சார்லஸ் எல்டன் தெளிவாக எழுதி நிலைநிறுத்தியது அதற்கு அடுத்த வருடம், 1927-இல். ஆக பெட்டி வேறு கையில் பிறந்தது, அம்புக்குறி வேறு கையில் பிறந்தது, பின்னால்தான் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்கள். பெட்டி ஒரு நாளின் ஒரு நொடியைக் காட்டும். உணவு வலை பல வருட ஓட்டம். இரண்டும் ஒட்டாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, உண்மையான வலை எவ்வளவு பெரியது? செரங்கெட்டியின் உணவு வலையைத் திரட்டி 2011-இல் ஒரு குழு வெளியிட்டது. 129 தாவரங்கள், 23 தாவர உண்ணிகள், 9 ஊனுண்ணிகள், மொத்தம் 161 இனங்கள், அவற்றுக்கிடையே 592 தொடர்புகள். இதில் பூச்சி இல்லை, பறவை இல்லை, ஒட்டுண்ணி இல்லை, கிட்டத்தட்டப் பெரிய பாலூட்டிகளும் அவை தின்னும் செடிகளும் மட்டும்தான். அதற்கே இத்தனை. ஒரே மாதிரி உண்ணும், ஒரே மாதிரி உண்ணப்படும் இனங்களைக் கணினி கொண்டு தொகுத்துப் பார்த்தபோது 14 குழுக்கள் கிடைத்தன, அதில் தாவரங்கள் பிரிந்த விதம் சுவாரசியமானது. அவை வளரும் இடத்தை ஒட்டிப் பிரிந்தன. திறந்த புல்வெளி, மரங்கள் அடர்ந்த பகுதி, ஆற்றங்கரை, சமவெளியில் திடீரென எழும் பாறைக் குன்றுகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பந்தி. மேலே போகப் போக இந்தப் பந்திகள் கலக்கின்றன, புலால் உண்ணும் விலங்கு எல்லாப் பந்தியிலும் கைவைக்கிறது.

பலகையில் வெறுமனே "புல்" என்று ஒரு சொல்லாக எழுதியிருப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. புல் என்பது அங்கே அடித்தளம் மட்டுமல்ல, கதையின் பாதி. மரத்தின் நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளையின் வளர்ச்சி அங்கே நின்றுவிடும். புல்லின் வளர்முனை தரையை ஒட்டி, இலை உறைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே கடித்துக்கொண்டு போனாலும் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். இலைக்குள் மணல் சத்தான சிலிக்கா இருப்பதால் மேய்கிற விலங்கின் பல் தேய்ந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்டத்தான் குதிரை, மாட்டு இனங்களின் கடைவாய்ப் பற்கள் அவ்வளவு உயரமாக அமைந்தன. புல்லின் உடம்பில் பெரும் பங்கு மண்ணுக்குக் கீழே வேராக இருக்கிறது, தீ வந்தாலும் வறட்சி வந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

ஒரே புல்லை எல்லாரும் ஒரே மாதிரி மேய்வதும் இல்லை. வரிக்குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு, அசை போடாத வயிறு, நார் மிகுந்த உயரமான தண்டையும் நிறையத் தின்று வேகமாகச் செரித்துத் தள்ளிவிடும். வில்டபீஸ்ட் என்று ஒரு விலங்கு, மாட்டுத் தலையும் குதிரைப் பிடரியுமாக இருக்கும், மான் மாடு குடும்பத்தைச் சேர்ந்தது. அகலமான வாய், மேல்தாடையில் முன்பல் கிடையாது, குட்டைப் புல்லைப் பட்டையாக வழித்துக்கொண்டே போகும். தாம்சன் சிறுமானுக்குக் கூர்மையான சின்ன வாய், தளிரைத் தேடித் தேடிப் பொறுக்கும். 1970களில் சாமுவேல் மெக்நாட்டன் இதைக் களத்தில் நின்று அளந்தார். வில்டபீஸ்ட் கூட்டம் மொட்டையடித்துவிட்டுப் போன இடத்தில் சில வாரங்களில் புதுத்தளிர் அடர்த்தியாக எழுந்தது, சிறுமான்கள் மேயப்படாத இடத்தை விட்டுவிட்டு அங்கேதான் வந்து குவிந்தன. ஒருவர் தின்றது இன்னொருவருக்கு இரையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது. பலகையில் இதைக் காட்ட அம்புக்குறியே இல்லை. அங்கே அம்பு என்றால் தின்பது மட்டும்தான்.

மழையையும் மண்ணையும் சேர்த்துக்கொண்டால்தான் கூட்டம் ஏன் நகர்கிறது என்பது புரியும். தென்கிழக்கில் மழை குறைவு, புல் குட்டை. ஆனால் அந்தச் சமவெளி எரிமலைச் சாம்பலால் ஆனது, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். அதனால் பிப்ரவரியை ஒட்டி இலட்சக்கணக்கான கன்றுகள் சில வாரங்களுக்குள் அங்கே பிறக்கின்றன. மழை நின்று நிலம் காய்ந்ததும் கூட்டம் மேற்கே, வடக்கே, மழை அதிகம் பெய்யும் மாரா ஆற்றுப் பக்கம் போகிறது. திரும்ப மழை தொடங்கியதும் தெற்கே. வருடா வருடம் இப்படி ஒரு சுற்று.

இப்போது சிங்கத்துக்கு வருவோம். பலகையின் உச்சியில் சிங்கத்தை வைத்துவிடுவதால், அதுதான் கீழே இருக்கும் எல்லாருடைய எண்ணிக்கையையும் தீர்மானிக்கிறது என்று பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை. வாழ்நாள் பூராவும் செரங்கெட்டியை ஆராய்ந்த அந்தோணி சின்கிளேரும் உடன் ஆய்வாளர்களும் நாற்பது வருடத் தரவுகளை வைத்து 2003-இல் ஒன்றைக் காட்டினார்கள். எந்த விலங்கு எதனால் சாகிறது என்பது பெரும்பாலும் அதன் உடல் எடையைப் பொறுத்தது. பதினெட்டு கிலோ வரும் ஓரிபி என்ற குட்டி மான் கிட்டத்தட்ட எப்போதும் யாராவது ஒருவரின் வாயில்தான் சாகிறது, ஏனென்றால் அதைப் பிடிக்கச் சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி, கழுதைப்புலி, நரி என்று எல்லாருக்கும் முடியும். எடை ஏற ஏறப் பிடிக்கக்கூடியவர்கள் குறைகிறார்கள். ஏறக்குறைய 150 கிலோ தாண்டினால் நிலைமை மாறுகிறது. காட்டெருமையில் நாலில் ஒரு பங்குதான் வேட்டையில் சாகிறது. யானை, நீர்யானை, காண்டாமிருகம் வளர்ந்துவிட்டால் வேட்டையாடிகளிடமிருந்து தப்பிவிட்ட மாதிரிதான், அவற்றை அடக்குவது பசி. 1980களில் செரங்கெட்டியின் வடபகுதியில் கள்ள வேட்டையும் விஷமும் சேர்ந்து சிங்கம், கழுதைப்புலிகளைப் பெருமளவு அழித்தன, பின்னால் அவை திரும்ப வந்தன. அந்த இடைவெளியில் ஓரிபி, டோப்பி மான், இம்பாலா, தாம்சன் சிறுமான், காட்டுப்பன்றி எல்லாம் பெருகின, வேட்டையாடிகள் திரும்பியதும் குறைந்தன. ஒட்டகச்சிவிங்கியின் எண்ணிக்கையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. யாரும் திட்டமிடாமல் நடந்துபோன ஒரு சோதனை.

வில்டபீஸ்ட்? எடையை மட்டும் பார்த்தால் சிங்கத்துக்கு வசதியான இரைதான். ஆனால் அது நடந்துகொண்டே இருக்கிறது. சிங்கக் கூட்டத்துக்கு எல்லை உண்டு, குட்டிகள் உண்டு, ஐந்நூறு கிலோமீட்டர் பின்னால் போக முடியாது. கூட்டம் வந்திருக்கும் சில வாரம் விருந்து, போனபின் அதே எல்லைக்குள் கிடைப்பதை வைத்து ஓட்ட வேண்டும். சிங்கத்தின் எண்ணிக்கையை விருந்து தீர்மானிக்காது, அந்தப் பஞ்சகாலம்தான் தீர்மானிக்கும். அதனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் கூட்டத்துக்கு நடுவே சிங்கங்கள் ஏறத்தாழ மூவாயிரம்தான். நாற்பது வருடக் கணக்குப்படி வில்டபீஸ்ட் சாவுகளில் முக்கால் பங்குக்குக் காரணம் ஊட்டக்குறைவு, வறண்ட மாதங்களில் பசும்புல் கிடைக்காமல் போவது. பலகையில் மிகத் தடிமனாக வரைய வேண்டியது மழையிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து வில்டபீஸ்ட்டுக்கும் போகும் அம்பு. சிங்கத்துக்குப் போகும் அம்பு மெல்லிய கோடு.

இனி பலகையில் இல்லாதவற்றுக்கு வருகிறேன். முதலாவது ஒரு நோய்க்கிருமி.

மாடு வளர்த்த குடும்பங்களில் வயதானவர்களைக் கேட்டால் வெக்கை நோய் என்று சொல்வார்கள். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், சில நாளில் மாடு விழுந்துவிடும், ஒரு தொழுவத்தில் வந்தால் ஊரே காலி. மனிதருக்கு வரும் தட்டம்மைக் கிருமியின் நெருங்கிய உறவு அது. ஆப்பிரிக்காவின் இந்தப் பகுதிக்கு அது 1880களின் இறுதியில் வந்து சேர்ந்தது, எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக இறக்கிய மாடுகள் வழியாக. அதுவரை இந்தக் கிருமியைக் கண்டிராத மந்தைகளில் பத்தில் ஒன்பது செத்தது. எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் கொடும்பஞ்சம், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. சில வருடங்களில் செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாசாய் மக்களின் மந்தைகள் அழிந்தன, பட்டினியும் பெரியம்மையும் சேர்ந்து மக்களும் மடிந்தார்கள். 1897-க்குள் கிருமி கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. மாட்டோடு நிற்கவில்லை, காட்டெருமை, வில்டபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் தாக்கியது.

மேய்கிற மந்தை இல்லாமல் போனதும் புதர் மண்டியது, புதரில் செட்சி ஈ பெருகியது, ஈ பரப்பும் உறக்க நோய்க்குப் பயந்து மிஞ்சிய மக்களும் பல இடங்களை விட்டு விலகினார்கள். அதற்கப்புறம் வந்த ஐரோப்பிய வேட்டைக்காரர்களும் அருங்காட்சியகக் குழுக்களும் பார்த்தது ஆளில்லாத, "ஆதிகாலத்து" ஆப்பிரிக்கா. அதைத்தான் வரைந்தார்கள், அதைத்தான் பெட்டிக்குள் வைத்தார்கள். 1936-இல் திறந்த கூடத்துக்கான விலங்குகள் சேகரிக்கப்பட்ட காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளி ஒரு கொள்ளைநோயிலிருந்து இன்னும் எழாத புல்வெளி. கண்ணாடிக்குப் பின்னால் நாம் பார்ப்பது தொன்மையும் இல்லை, இயல்பும் இல்லை.

கிருமி போகவும் இல்லை. வில்டபீஸ்ட் கன்றுகள் தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பாற்றல் தீர்ந்ததும், ஒரு வயதை நெருங்கும்போது வருடா வருடம் செத்துக்கொண்டே இருந்தன. மாடுகளுக்கான தடுப்பூசிதான் திருப்புமுனை. கென்யாவின் முகுகா ஆய்வுக்கூடத்தில் வால்டர் ப்ளோரைட் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய மலிவான, நம்பகமான ஊசி பின்னாளில் உலகம் முழுக்கப் போனது, அவருக்கு 1999-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு ஊசி போடப் போட, 1963-க்குள் காட்டிலும் நோய் மறைந்தது. ஒரு வில்டபீஸ்ட்டுக்குக்கூட ஊசி போடவில்லை. கிருமி காட்டில் நிலையாக வாழவில்லை, மாட்டிலிருந்துதான் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறுதியானது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1961-இல் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1977-இல் பதின்மூன்று லட்சத்தைத் தாண்டியது. இத்தனை வாய்கள் மேய்ந்ததில் வறண்ட பருவத்தில் எரிய நெடும்புல் மிஞ்சவில்லை, வருடாவருடம் பரவிய தீ பெருமளவு குறைந்தது. தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் தலைதூக்கின, மரம் கூடியது, மர இலையை உண்பவற்றுக்குத் தீனி கூடியது. வில்டபீஸ்ட் பெருகியதால் சிங்கமும் கழுதைப்புலியும் பெருகின. மண்ணும் மரமும் கார்பனை வெளியே விடுவதற்குப் பதில் சேர்த்துவைக்கத் தொடங்கின. மாட்டின் தோளில் குத்திய ஊசி, சில வருடங்களில் வேலமரமாக நிற்கிறது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர் முற்றாக ஒழித்த ஒரே நோய் இதுதான். இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995-இல்.

இன்னொரு கிருமிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உணவு வலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1994-இல் செரங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஆயிரம், வலிப்பு வந்து செத்தன. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி, சுற்று வட்டார ஊர் நாய்களிடமிருந்து வந்தது. ஆனால் அதே கிருமி அதற்கு முன்னும் சிங்கங்களிடையே பரவியிருக்கிறது, இப்படிக் கொன்றதில்லை. பழைய ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2008-இல் காரணத்தைப் பிடித்தார்கள். 1993-இல் கடும் வறட்சி. காட்டெருமைகள் மெலிந்து உடம்பெல்லாம் உண்ணி ஏறிக் கிடந்தன. சிங்கங்களுக்கு அவை சுலபமான இரை. அந்த உண்ணிகள் வழியாகப் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி சிங்கங்களுக்குள் அளவுக்கு மீறி ஏறியது. எதிர்ப்பாற்றலை முடக்கும் டிஸ்டெம்பரும் இதுவும் ஒரே நேரத்தில் சேர்ந்ததும் தாங்கவில்லை. மழை, புல், எருமை, உண்ணி, ஒட்டுண்ணி, ஊர் நாய், கிருமி, சிங்கம். ஒட்டுண்ணிகளை விட்டுவிட்டு வலை வரையவே கூடாது என்பதற்கு இன்னொரு சான்று கலிஃபோர்னியாவின் ஓர் உப்புச் சதுப்பு நிலத்திலிருந்து. அங்கே ஒட்டுண்ணிகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் வலையின் தொடர்புகளில் முக்கால்வாசியில் ஏதாவது ஓர் ஒட்டுண்ணி இருந்தது.

பலகையின் அம்புகள் சிங்கத்தோடு முடிந்துவிடுகின்றன என்று சொன்னேன். சில பலகைகளில் ஓரத்தில் ஒரு காளானை வரைந்து "சிதைப்பவை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். செத்தவற்றின் கணக்கு அவ்வளவு சின்னதா? மாரா ஆற்றைக் கடக்கும்போது வருடத்துக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் சாகின்றன, எடையில் 1,100 டன். தொலைக்காட்சியில் முதலை வாய் பிளப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஆனால் அந்த இறைச்சியில் முதலைகளுக்குப் போவது மிகச் சிறு பங்கு. பாறுக் கழுகுகளும் மராபு நாரைகளும் கொஞ்சம், மீதி அழுகித் தண்ணீரில் கலக்கிறது, மீன் தின்கிறது, பூச்சி தின்கிறது. எலும்பு கரைய ஏழு வருடம் ஆகிறது. அதுவரை ஆற்றின் அடியில் கிடந்து பாஸ்பரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும், அதன் மேல் படியும் பாசியை மீன்கள் மேயும். தெற்கே எரிமலைச் சாம்பல் மண்ணில் முளைத்த புல், வடக்கே ஓர் ஆற்று மீனின் உடம்பாகிறது.

பாறுக் கழுகுகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. செரங்கெட்டியில் செத்த விலங்கின் இறைச்சியில் பெரும் பங்கைத் தின்பது சிங்கமும் கழுதைப்புலியும் இல்லை, பாறுகள்தான். இறக்கையை அசைக்காமல் வெப்பக் காற்றில் மிதந்து கூட்டத்தோடு கூடவே போக அவற்றால் முடிகிறது. இந்த அம்புக்குறியை அழித்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, நம் நாட்டில் அது நடந்தது. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 1990களில் தொடங்கிச் சில வருடங்களில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்கு அழிந்தது. காரணம் 2004-இல் வெளியானது, கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

சாணி உருட்டும் வண்டையும் எந்தப் பெட்டியிலும் ஒரு ஓரத்தில்கூட நான் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை, ஆனால் இருக்க வேண்டும். பத்து லட்சம் விலங்குகள் தினமும் போடும் சாணம் சும்மா காய்ந்து கிடந்தால் புல் முளைக்க இடம் இருக்காது. வண்டு அதை மண்ணுக்குள் இறக்குகிறது. ஆஸ்திரேலியாவில் இது தெளிவாகத் தெரிந்தது. அங்கே உள்ள வண்டுகள் கங்காருவின் சின்ன, உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை, வெள்ளையர் கொண்டுபோன மாட்டின் சாணத்தை அவற்றால் கையாள முடியவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் காய்ந்த வறட்டியும் ஈயும். ஹங்கேரியிலிருந்து அங்கே குடியேறிய ஜார்ஜ் போர்னமிஸா சொன்ன யோசனைப்படி, 1960களின் இறுதியிலிருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கடைசியாகக் கரையான். ஆப்பிரிக்கப் புற்றுகளில் ஒரு வகையை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் உள்ளே கடற்பஞ்சு மாதிரி துளைத் துளையாகப் பழுப்பு நிறத்தில் ஒன்று இருக்கும். அதுதான் தோட்டம். வேலைக்காரக் கரையான்கள் காய்ந்த புல்லையும் சுள்ளியையும் மென்று தின்று கழிவாக அங்கே அடுக்கும், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் குண்டூசித் தலை அளவில் பூசணம் பூக்கும். புல்லின் நாரை உடைப்பது அந்தப் பூசணம், கரையான் தின்பது பூசணம் பக்குவப்படுத்தியதை. மழைக்குப் பின் நம் ஊரில் புற்றிலிருந்து குபுகுபுவென்று எழும், பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக் காளான் இதே குடும்பம்தான். மேயும் விலங்கு தொடாத காய்ந்த புல்லில் பெரும் பகுதி இந்த வழியில் போகிறது. புற்றைச் சுற்றியுள்ள மண் வளமாவதால் அங்கே புல்லும் மரமும் செழிக்கும், வரிக்கீரி உள்ளே குடியிருக்கும், சிவிங்கிப்புலி உச்சியில் ஏறி நின்று இரை தேடும். கழுதைப்புலி குடும்பத்திலேயே ஆர்ட்வுல்ஃப் என்று ஒன்று இருக்கிறது, வேட்டையாடுவதே இல்லை, ஓர் இரவில் இரண்டு லட்சம் கரையான் வரை நக்கித் தின்னும்.

இதையெல்லாம் ஒரு பெட்டிக்குள் வைக்க முடியுமா என்றால், முடியும் என்றே நினைக்கிறேன், செலவும் பெரிதில்லை. தரையை ஒரு பக்கம் வெட்டிக் காட்டி வேரையும் புற்றின் உட்புறத்தையும் தெரியவைக்கலாம். அம்புகளைத் தடிமனாகவும் மெல்லியதாகவும் வரையலாம், ஈரப் பருவத்துக்கு ஒன்று வறண்ட பருவத்துக்கு ஒன்று என்று இரண்டு பலகை வைக்கலாம். 1961, 1977 என்று இரண்டு பொத்தான் வைத்து, அழுத்தினால் தீயின் பரப்பும் மரத்தின் அளவும் மாறுகிற மாதிரி விளக்கெரியச் செய்யலாம். பிள்ளைகள் சிங்கத்தைவிட அந்தப் பொத்தானிடம் அதிக நேரம் நிற்பார்கள்.

ஆனால் செய்யத் தயங்குவது வேறொன்று, மனிதரை உள்ளே விடுவது. பின்சுவர் ஓவியத்தில் ஒரு குடிசை இருக்காது, ஒரு மாடு இருக்காது. செரங்கெட்டிப் பூங்காவுக்குள் மேய்த்துக்கொண்டிருந்த மாசாய் மக்களை 1959-இல் வெளியேற்றினார்கள், கண்ணாடிப் பெட்டியில் அவர்கள் எப்போதுமே இருந்ததில்லை. இத்தனைக்கும் மேலே சொன்ன பெரிய திருப்பங்கள் ஒவ்வொன்றிலும் மனிதர் இருக்கிறார்கள். துறைமுகத்தில் இறக்கிய மாடு, மாட்டுக்குப் போட்ட ஊசி, ஊரிலிருந்து வந்த நாய். இப்போது வேலியும் சேர்ந்துகொண்டது. மாராவுக்குப் பக்கத்தில் கென்யாவின் லொய்ட்டா சமவெளியில் கன்று ஈன்று வாழ்ந்த வேறொரு வில்டபீஸ்ட் கூட்டம் இருந்தது. 1977-க்கும் 1997-க்கும் நடுவே அதில் முக்கால் பங்குக்கு மேல் இல்லாமல் போனது. சிங்கம் பெருகவில்லை, கிருமியும் வரவில்லை. அவை ஈனும் நிலத்தில் கோதுமை பயிரிட்டார்கள், பிறகு கம்பி வேலி போட்டார்கள். அடுத்த முறை புல்வெளி மூலையைப் புதுப்பிக்கிறவர்கள் சிங்கத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி ஒரு மாடு, ஓர் ஊர் நாய், ஒரு வேலிக்கம்பம் மூன்றுக்கும் இடம் விடட்டும். மூன்றிலிருந்தும் அம்பு வரைவதற்குத் தேவையான தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறது.